டாக்பேக் பொத்தான்

ஒலிப்பதிவுக் கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது டாக்பேக் பொத்தான். அதை அழுத்தினால்தான் பொறியாளர் பேசுவது கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் பாடகரின் ஹெட்போனில் கேட்கும். காதுக்குள்ளேயே விழும் குரல், ஆகவே சிடுசிடுப்பு இன்னும் சுடும். ஆனால் மௌனம் அதைவிடக் கொடுமை. டேக் முடிந்ததும் பொறியாளர் பக்கம் உதடுகள் அசையும், தலைகள் ஆடும். பேச்சு மட்டும் கேட்காது. பாடகர் நொறுங்கிப்போவார். நல்ல பொறியாளர் உடனே பொத்தானை அழுத்தி, "அருமை, சரணம் மட்டும் இன்னொரு முறை போகலாமா?" என்பார்.

கூடத்தில் பேச்சு கசந்தால் பொறியாளரும் நொறுங்கலாம். 1968 ஜூலையில் பீட்டில்ஸ் இசைக்குழுவினரின் சண்டை தாங்காமல் பொறியாளர் ஜெஃப் எமெரிக் லண்டனில் ஒலிப்பதிவின் பாதியில் வெளியேறினார். செப்டம்பரில் அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன், கிட்டார் வாசிக்க எரிக் கிளாப்டனை அழைத்துவந்தார். விருந்தாளி முன்னிலையில் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டதாக ஹாரிசனே பின்னாளில் சொன்னார்.