சேர்மக் களஞ்சியத்தின் குணமும் குறையும்

வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றிய தெருக்களில், தண்ணீர் ஊற்றுவாரின்றியும் பூத்து நிற்கும் நித்தியகல்யாணி, நீரிழிவைத் தணிக்கும் என்னும் மேற்கிந்தியத் தீவினரின் நம்பிக்கையைப் பரீட்சிக்கப் புகுந்த கனடா தேசத்து ராபர்ட் நோபிள் குழுவினர் கையில், எலிகளின் ரத்தச் சர்க்கரையைத் தொடாமல் வெள்ளணுக்களைக் குறைத்து, 1958-இல் வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தை ஈந்தது. சர்க்கரையைப் பற்றி மட்டுமே விசாரித்திருந்தால் அச்செடி குப்பைக்குப் போயிருக்கும்.

லட்சக்கணக்கான சேர்மங்களைக் கரைத்துக் குளிரில் சேமித்து, 384 அல்லது 1,536 குழிகள் கொண்ட தட்டுகளில் துளித்துளியாக இட்டு, எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு மருந்து தேடும் நவீன முறைக்குப் பாரபட்சமின்மை என்னும் பெருங்குணம் உண்டு. ஆராய்ச்சியாளனின் அபிமானச் சேர்மமும் எவரும் எண்ணிப் பாராததும் அங்கே சரிசமானமாக நிற்கின்றன. காசநோய்க்குரிய பெடாக்விலின் இவ்வழியில் வந்ததே. ஆயினும் அங்கே சோதனைப் பொருளாக வைத்தது தனித்ததொரு புரதத்தையன்று, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த உயிருள்ள நுண்ணுயிரை என்பதை மறக்கலாகாது. கிளாக்ஸோஸ்மித்கிளைன் நிறுவனம் பாக்டீரியாக்களை எதிர்க்கும் மருந்தை நாடி, 1995 முதல் 2001 வரை, பெரும்பாலும் தனிப் புரதங்களையே இலக்காக்கி 70 முறை சலித்துப் பார்த்தும், மருந்தாக வளர்க்கத் தகுந்தவையாகத் தேறியவை ஐந்தே. களஞ்சியம் சிறிதென்று அதைக் குறைகூற முடியுமா?

பொய்ச் சாட்சி இன்னொரு தொல்லை. மஞ்சளின் குர்குமின் தானே ஒளிர்ந்து கருவியை ஏமாற்றும். புரதங்களோடு கண்டபடி ஒட்டும். உடலின் கார அமிலநிலையை ஒத்த கரைசலில் சில நிமிஷங்களில் சிதையும். எனவே அது சோதனைதோறும் வெற்றி பெற்றதுபோல் தோன்றுவதில் வியப்பில்லை. அஞ்சறைப்பெட்டிச் சொந்தம் என்ற பாசத்தால் நாம் இதைக் காணாதிருப்பது விவேகமன்று.

சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார், பாரம்பரிய மருத்துவ நூல்களில் சிதறிக் கிடந்த செய்திகளைத் திரட்டி, 2018-இல் 1,742 தாவரங்களோடும் 9,596 சேர்மங்களோடும் வெளியிட்டு, பின்னர் 4,010 தாவரங்கள், 17,967 சேர்மங்கள் என விரித்த 'இம்பாட்' தொகுப்பு போற்றத்தக்க உழைப்பு. ஆனால் அதிலுள்ளவை மூலக்கூறுகளின் வடிவங்களேயன்றிச் சீசாக்கள் அல்ல. கணினித் திரையில் ஒரு வடிவம் ஒரு புரதத்தில் பாந்தமாகப் பொருந்தியதைக் கண்டமாத்திரத்தில் மருந்து கிட்டியதாக மகிழ்வோர், அதைச் செடியிலிருந்து பிரித்தெடுக்கும் பாட்டை எண்ணுவதில்லை. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும்; பட்டியலிலோ அதற்கும் மிளகின் பைப்பரினுக்கும் ஆளுக்கொரு வரிதான்.