தேறலும் டானி போர்ட்டும்: ஓர் ஒப்பீட்டின் கோளாறு

போர்ச்சுகலில் ப்ராஜெக்ட் முடித்துத் திரும்பிய நண்பன் போன மாதம் பேகம்பூர் வந்தபோது, 20 வருட டானி போர்ட் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினான். "இதைத்தான்டா புறநானூத்துல தேறல்னு பாடி வச்சிருக்காங்க" என்றான். இணையத்திலும் இந்த ஒப்பீடு அடிக்கடி கண்ணில் படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில் டம்ளர். அந்தக் குளிரில் வாசனையே எழவில்லை. வெறும் இனிப்பும் காரமும்தான். அரை மணி நேரம் கழித்து, மிச்சத்தைக் கண்ணாடி கிளாஸில் ஊற்றிக் குடித்தபோதுதான் உலர்திராட்சை, வால்நட், சர்க்கரைப் பாகு எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டானியை 12 முதல் 16 டிகிரிக்குள் பரிமாறச் சொல்வது சும்மா இல்லை. நிறமும் முக்கியம்: சிவப்பு வெளிறி, தேன் கலந்த பழுப்பாக மாறியிருக்கும். எவர்சில்வரில் அது எங்கே தெரியும்?

அந்த நிறம் வந்த வழியில்தான் என் மறுப்பு இருக்கிறது. டோரோ பள்ளத்தாக்குத் திராட்சை பாதி புளிக்கும்போதே அதில் திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்ப்பார்கள். நொதித்தல் நின்றுவிடும், சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். பிறகு பல வருடம் மரப் பீப்பாயில். மரத்தின் வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், நிறத்தையும் முரட்டுத்தனத்தையும் கரைக்கிறது. வண்டல் பீப்பாயிலேயே தங்கிவிடுவதால், பாட்டிலைத் திறந்து நேராக ஊற்றலாம். (20 என்பதும் ஒவ்வொரு துளியின் வயது அல்ல, பல வருடச் சரக்குகளைக் கலந்து கொண்டுவரும் தரம்.)

இப்போது தேறலுக்கு வருவோம். தேறு என்றால் தெளி. தேறல் என்பது தெளிய வைத்து, வண்டல் நீக்கி எடுத்த கள். பெயரிலேயே பரிமாறும் முறை இருக்கிறது! 120ஆம் பாட்டில் கபிலர் சொல்லும் தேறல் மண்ணில் புதைத்து முதிர்ந்தது. 129இல் குறவர் குடிப்பது மூங்கிலுக்குள் முதிர்ந்தது. புதைத்தால் காற்று படாது, சூடும் ஏறாது. கள்ளில் காற்று பட்டுக்கொண்டே இருந்தால் காடியாகிவிடும் என்பது நம்மூரில் யாருக்கும் தெரிந்த விஷயம். ஆக, டானிக்குக் காற்று நண்பன், தேறலுக்கு எதிரி. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் வின்டேஜ் போர்ட்டைச் சொல்லலாம். அது பெரும்பாலும் பாட்டிலுக்குள், காற்றில்லாமல் முதிர்வது. வண்டல் தெளிய வைத்து இறுத்துத்தான் ஊற்றவேண்டும்.

சுவையும் நேர் எதிர். ஔவையார் 392இல் பழைய தேறலின் கடுப்புக்குத் தேள் கொட்டுவதை உவமை சொல்கிறார். சிறுபாணாற்றுப்படையில் அது சீறும் பாம்பு. முதிர முதிரக் கடுப்பு ஏறுவதுதான் அங்கே பெருமை. டானியிலோ கடுப்பு அடங்குவதுதான் பெருமை.

இதில் நாம் கோட்டைவிடுவது இன்னொன்று. 56ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதைப் பாடுகிறார். அங்கே தேளும் இல்லை, பாம்பும் இல்லை, குளிர்ச்சியும் மணமும்தான். சொல் ஒன்றே, ஆனால் வந்த சரக்கு வேறு, உள்ளூர்ச் சரக்கு வேறு என்று அந்தப் புலவர்களின் நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் 'ஒயின்' என்று மொழிபெயர்த்தால் அந்த வித்தியாசம் போய்விடுகிறது.

நான் தமிழாய்வாளன் இல்லை. கோடு எழுதிப் பிழைப்பவன். வேறு வேறு டைப்பை ஒரே வேரியபிளில் போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் தெரியும். 'அப்பவே நம்மகிட்ட இருந்துச்சு' என்று சொல்லும் அவசரத்தில், நம்மிடம் நிஜமாக இருந்ததைப் பார்க்காமல் போகிறோம். தேள் கொட்டும் ஒரு பானம் நம்முடையதாக இருந்தது. அதற்குப் போர்ச்சுகல் சான்றிதழ் எதற்கு?

பாட்டிலில் இன்னும் பாதி இருக்கிறது. டானி திறந்த பிறகும் சில வாரம் தாங்கும். அடுத்த முறை கண்ணாடி கிளாஸ்தான் என்று நண்பனிடம் சொல்லிவிட்டேன்.