கிட்டார் பிரசன்னா

கிட்டார் பிரசன்னா (ஆர். பிரசன்னா) மின் கிட்டார் கலைஞர், இசையமைப்பாளர். ராக், ஜாஸ், கர்நாடக இசை ஆகிய மூன்றிலும் பயிற்சி உடையவர். வழக்கமான மின் கிட்டாரிலேயே கர்நாடக இசைக் கமகங்களை வாசிப்பவர் என்ற வகையில் முக்கியமானவர்.

வாழ்க்கை

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டையில் பிறந்தார். சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்தார். அக்காலத்தில் ராக் கிட்டார் வாசித்தார். திருவாரூர் பாலசுப்ரமணியம், வயலின் கலைஞர் அ. கன்யாகுமரி ஆகியோரிடம் கர்நாடக இசை கற்றார். பின்னர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள பெர்க்லி இசைக் கல்லூரியில் பயின்றார்.

இசைப்பணி

ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக ‘எலக்ட்ரிக் கணேசா லேண்ட்’ (2006) என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஹெண்ட்ரிக்ஸின் ‘எலக்ட்ரிக் லேடிலேண்ட்’ (1968) என்ற பெயரை ஒட்டியது இத்தலைப்பு. 2009-இல் ஆஸ்கர் பெற்ற ‘ஸ்மைல் பிங்கி’ ஆவணப்படத்துக்கு இசையமைத்தார். பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா கலைஞர் நிதின் மிட்டா ஆகியோருடன் ‘தீர்த்தா’ குழுவில் வாசித்தார். சென்னைக்குத் தெற்கே அமைந்த சுவர்ணபூமி இசைக் கல்விக்கூடத்தை உருவாக்கி வழிநடத்தினார்.

வாசிப்பு முறை

வீணையில் மெழுகில் பதித்த 24 மெட்டுகள் உயரமானவை. அதனால் ஒரே மெட்டில் கம்பியை இழுத்துப் பல சுரங்களைத் தொட முடியும். கிட்டாரின் மெட்டுகள் தாழ்வானவை. கம்பிகளின் இழுவிசை அதிகம். கம்பியை இழுத்தால் சுரம் உயருமே தவிரத் தாழாது. ஆகவே மேலிருந்து கீழிறங்கும் கமகத்துக்குக் கம்பியை முன்னதாகவே இழுத்து வைத்து, மீட்டிய பின் தளர்த்த வேண்டும். அல்லது விரலைச் சறுக்க வேண்டும். பிரசன்னா இவ்விரண்டையும் கையாள்கிறார். மின் கிட்டாரில் ஒலி நீண்டு நிற்பது இதற்குத் துணைசெய்கிறது.

கம்பியை இழுப்பது ராக் கலைஞர்களும் செய்வதே. அங்கே எவ்வளவு இழுப்பது என்பது கலைஞரின் அப்போதைய மனநிலையைப் பொறுத்தது. தோடி ராகத்தின் காந்தாரத்தில் அந்த விருப்பத்துக்கு இடமில்லை. அசைவு இல்லாவிட்டால் அது தோடியின் காந்தாரமே அல்ல. ஒரே விரலசைவுக்கு உள்ள இந்த இருவேறு இலக்கணங்களையும் பிரசன்னா குழப்பிக்கொள்வதில்லை.

மதிப்பீடு

கர்நாடக இசையில் கிட்டார் வாசித்த முதல் கலைஞர் பிரசன்னா அல்லர். சுகுமார் பிரசாத் அவருக்கு முன்பே வாசித்தார். மாண்டலினுக்கு உ. ஸ்ரீநிவாஸும் சாக்சபோனுக்குக் கத்ரி கோபால்நாத்தும் கச்சேரி மேடையில் பெற்றுத்தந்த இடம் கிட்டாருக்கு இன்னும் கிடைக்கவில்லை. ராக் பயின்ற மாணவர்களுக்கு விரல் பழகியிருக்கும், ராகம் பழகியிராது. கர்நாடக இசை பயின்றவர்களுக்கோ ராகம் தெரியும், கிட்டாரில் விரல் ஓடாது. இரண்டையும் பல்லாண்டு பயில்வோர் மிகச் சிலரே.

பிரசன்னாவின் வேகம் பலரால் பாராட்டப்படுகிறது. விரைவான சுரக்கோவைகளில் ஒவ்வொரு மீட்டலும் தனித்துத் தெறிப்பதால் பாட்டின் தொடர்ச்சி சில இடங்களில் குறைகிறது. அவருடைய உண்மையான சாதனை மெதுவான ஆலாபனையில் உள்ளது. அங்கே கேட்பவர் கிட்டாரை மறந்து ராகத்தை மட்டும் கேட்கிறார்.