முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு!

சைக்கிளில் முன்னால் 34 பல், பின்னால் 34 பல். போடிமெட்டு ஏற்றத்துக்கு இதைவிட இனிமையான கியர் இருக்க முடியாது என்று அடித்துச் சொல்வேன். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் சரியாக ஒரு சுற்று. அவ்வளவு எளிமை, அவ்வளவு சுகம்!

முதலில் அந்தச் சாலையைச் சொல்ல வேண்டும். போடிநாயக்கனூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாந்தோப்புகளையும் இலவ மரங்களையும் கடந்து முந்தல் வரை ரோடு நம்மைச் செல்லமாகக் கூட்டிப்போகும். முந்தல் தாண்டியதும் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர், 17 கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் போடிமெட்டு, கிட்டத்தட்ட 1,400 மீட்டர். சராசரியாகப் பார்த்தால் நூறு மீட்டர் போவதற்குள் ஐந்து மீட்டர் உயர்கிறோம். திடீரென்று செங்குத்தாக எழுந்து ஆளை மிரட்டுகிற ஏற்றம் இல்லை இது. ஆனால் நடுவில் இளைப்பாற விடாது. மணிக்கணக்கில் ஒரே சீராக மிதிக்கச் சொல்லும். நம் காலுக்கு எந்த கியர் பொருந்துகிறது என்பதை இந்தச் சாலை அளவுக்குத் தெளிவாகக் கற்றுத்தரும் வாத்தியார் எனக்கு வாய்த்ததில்லை.

கியர் கணக்கு கடினமே இல்லை. முன் பல்லைப் பின் பல்லால் வகுக்க வேண்டும். வரும் எண்ணைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்க வேண்டும். 28 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு சைக்கிளுக்குச் சுற்றளவு சுமார் 2.14 மீட்டர். ஆக, 34-க்கு 34 போட்டால் ஒரு மிதிச் சுற்றுக்கு 2.14 மீட்டர் முன்னேறுவோம். நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்தால் மணிக்கு ஒன்பதரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மலை ஏற இது பொன்னான வேகம். மூச்சு வாங்கும், ஆனால் பேச முடியும். தொடை சூடாகும், ஆனால் எரியாது.

அதே வேகத்தைப் பழைய பந்தய சைக்கிளின் 39-க்கு 25-இல் பிடித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 48 சுற்றுத்தான் வரும். வேலை அதேதான். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் கால் ஒன்றரை மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். புலியூத்துப் பக்கம் வருவதற்குள் முட்டி பேச ஆரம்பித்துவிடும். 44-க்கு 18 போட்ட நம்மூர் சாதா சைக்கிளில் இந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு முப்பது சுற்றுத்தான் வரும். அதனால்தான் பால்காரரும் தபால்காரரும் மேட்டைக் கண்டால் இறங்கி உருட்டினார்கள். உடம்பில் வலு இல்லாமல் இல்லை, வண்டியில் கியர் இல்லை.

எல்லோருக்கும் ஒரே கியரா என்றால், இல்லை. அவரவர் மிதிக்கும் பாணி வேறு. என்னோடு ஏறும் நண்பர் ஆஜானுபாகு. சீட்டை விட்டு எழுந்து, உடம்பு எடை முழுவதையும் பெடலில் இறக்கி மிதிப்பார். அவருக்கு நிமிடத்துக்கு 60 சுற்றுத்தான் சுகம். அவர் 36-க்கு 30 போட்டிருக்கிறார். ஒரு சுற்றுக்கு 2.57 மீட்டர், மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான் உட்கார்ந்தே மளமளவென்று சுழற்றுகிற ஆள். இரண்டு பேரும் அருகருகே பேசிக்கொண்டே ஏறுகிறோம்! மலை ஒன்று, வேகமும் ஏறக்குறைய ஒன்று, தாளம் மட்டும் வேறு. முதலில் நம் தாளத்தைக் கண்டுபிடித்துவிட்டு அதற்கேற்ற பல்லை வாங்குவதே நல்ல வழி.

பையும் கூடாரமும் கட்டிக்கொண்டு பூப்பாறை, சின்னக்கானல், மூணாறு என்று சுற்றப்போகிறவர்களுக்கு நான் கைகூப்பிச் சிபாரிசு செய்வது, முன்னால் 46 பல், 30 பல் என இரண்டு வளையம் கொண்ட 46-30 கிராங்க். 30-க்கு 34 போட்டால் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டருக்கும் குறைவு. நிமிடத்துக்கு 70 சுற்றில் மணிக்கு ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர் வேகத்தில், சுமையோடு, சிரித்த முகத்தோடு ஏறலாம். ‘சமவெளியில் வேகம் போய்விடுமே’ என்று பயப்பட வேண்டாம். 46-க்கு 11-இல் நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தாலே மணிக்கு 42 கிலோமீட்டரைத் தாண்டும். தேனி ரோட்டில் அதற்கு மேல் யாருக்கு வேண்டும்?

அடுத்தது கிராங்க் நீளம், அதாவது பெடலைத் தாங்கும் கையின் நீளம். இதை நினைத்தாலே எனக்கு உற்சாகம் பொங்குகிறது. கடையில் வரும் வண்டிகளில் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர், பெரிய ஃபிரேம்களில் 172.5 அல்லது 175. நான் 165-க்கு மாறினேன். பெடல் உச்சிக்கு வரும்போது 5 மில்லிமீட்டர் தாழ்கிறது. கீழே கால் அதே அளவு நீள வேண்டும் என்று சீட்டை 5 மில்லிமீட்டர் உயர்த்துகிறோம். ஆக, மேலே முட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. வயிறு இடிக்காது, இடுப்பு மடங்கித் தவிக்காது. நெம்புவிசையில் இழப்பது நூற்றுக்கு மூன்றுதான். அதாவது 34 பல்லில் ஒரே ஒரு பல்! இன்றைய தலைசிறந்த பந்தய வீரர் தாதேய் போகாச்சரே 165-க்கு மாறியவர்தான். குட்டையான கால் உள்ளவர்களும் உட்கார்ந்து சுழற்றுகிறவர்களும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டால் திரும்பிப்போக மாட்டார்கள். நீண்ட காலோடு எழுந்து நின்று அழுத்துகிறவர்கள் 172.5-இலேயே சந்தோஷமாக இருக்கட்டும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். பின்னால் 34 பல் போட, பின் பல்சக்கரத் தொகுதியான கேசட் மட்டும் வாங்கினால் போதாது. செயினைப் பல்லுக்குப் பல் மாற்றிவிடும் பின் டெரெய்லரின் கை குட்டையாக இருந்தால், அது அவ்வளவு பெரிய பல்லைத் தாங்காது. முன்னால் 50-34, பின்னால் 11-34 என்றால் முன் வித்தியாசம் 16, பின் வித்தியாசம் 23, மொத்தம் 39. அந்த அளவு செயினை இழுத்துச் சுருட்டிக்கொள்ளும் நீளக் கை டெரெய்லர் வேண்டும். செயினையும் நீளம் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும். எனக்கு இதை மாட்டித்தந்த மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “முன்னாடி சின்னதுல போட்டு, பின்னாடி பெருசுல விடுங்க தம்பி. மலை தானா எறங்கி வரும்.”

சின்ன கியர் பலவீனம் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்திலிருந்தே உண்டு. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜ் அப்படித்தான் கியர் மாற்றியை ஒதுக்கிவைத்தார். 1937-இல்தான் அந்தப் பந்தயத்தில் டெரெய்லரை அனுமதித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பந்தயம் ஒற்றை கியருக்குத் திரும்பவில்லை.

சரியான கியரோடு ஏறும்போது மலையே வேறாகத் தெரிகிறது. ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடியலில் வரிசையாகத் தாண்டிப்போகும். “என்னண்ணே, சைக்கிள மேல தூக்கிப் போட்டுக்கிருவமா?” என்று டிரைவர் அன்போடு கேட்பார். “வேணாம்ணே, கியரு இருக்கு!” என்று மூச்சு முட்டாமல் பதில் சொல்லும் சுகம் இருக்கிறதே! தலையைத் தூக்கிப் பார்க்க முடிகிறது. போடி கீழே சிறிதாகிக்கொண்டே போவதைப் பார்க்க முடிகிறது. காற்று குளிர்வதைத் தோலில் உணர முடிகிறது. மெட்டில் சூடான டீ குடித்துவிட்டு, கேரளப் பக்கம் ஏலக்காய் நிழலில் இறங்கிப்போக இன்னும் காலில் பலம் மிச்சம் இருக்கிறது.

2023 ஜூனில் அகல ரயில் பாதை போடி வரை வந்துவிட்டது. சென்னையிலிருந்தே ரயிலேறி வரலாம். வாருங்கள்! முதல் நாள் கோட்டகுடி ஆற்றுப் பக்கம் குரங்கணி ரோட்டில் மிதித்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று உங்களுக்குச் சுகம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மறுநாள் விடியலில் முந்தல். வண்டி வாங்குவதற்கு முன் பெரிய கியரைப் பார்க்காதீர்கள், சின்ன கியரைப் பாருங்கள். கியர் போதவில்லையே என்ற கவலை இல்லாமல் ஏறுகிறவருக்கு 17-வது வளைவிலும் பாட்டு வரும்.