புயலின் ஏடும் ஊரின் நினைவும்

ஒரு மொழி தன் மக்களுக்கு நேர்ந்த பேரிடர்களை எவ்வாறு எழுதி வைத்திருக்கிறது என்பதைக் கொண்டு, அம்மொழியின் உரைநடை எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்பதை ஓரளவு கணித்துவிடலாம். துயரத்தைப் பாடுவதற்குத் தமிழுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒப்பாரி நம் வீட்டுச் சொத்து. துயரத்தைப் பதிவு செய்வது வேறொரு கலை. எந்த நாள், எந்த நாழிகை, எந்த ஊர், எத்தனை உயிர், அது யார் சொன்ன கணக்கு என்று நிதானமாக எழுதி வைக்கும் அக்கலையில் நாம் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தோம். அக்குறையை ஈடு செய்யப் புறப்பட்டிருக்கும் ஒரு வகை எழுத்தை இங்கே ஆராய விரும்புகிறோம். அதை எழுதுவோர் பெரும்பாலும் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் அல்லர். இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில், ஊதியமின்றிக் கூடி உழைத்துப் புயல்களைப் பற்றி எழுதும் தன்னார்வலர்கள் அவர்கள்.

களஞ்சியம் வந்த வழி

பொருள்களையும் சொற்களையும் தேடி எடுக்க வசதியாக அடுக்கி வைக்கும் முயற்சி காவிரிக்கரைக்குப் புதிதன்று. கொள்ளிடக் கரையை அடுத்த ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை உருவாக்கினார். 1910-இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வெளிவந்தது. அது ஒரு தனிமனிதரின் வாழ்நாள் தவம். பின்னர் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. 1981-இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியத்தையும் அறிவியல் களஞ்சியத்தையும் வெளியிட்டது. ஒருவர் எழுதியது, அறிஞர் குழு எழுதியது, பல்கலைக்கழகம் எழுதியது என்று இந்த வரிசை வளர்ந்துள்ளது.

அடுத்த படியில் எழுதுகோல் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2001-இல் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா, 2003-இல் தமிழிலும் தொடங்கிற்று. அதன் தொடக்க காலத்தில் பெரும் பணியாற்றிய இ. மயூரநாதன் ஈழத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர். கனடா தமிழ் இலக்கியத் தோட்டத்தின் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. 2017-இல் தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைக் கடந்தது. இக்களஞ்சியத்தில் பங்களிப்போர் தமக்குள் கலந்துரையாடும் பொதுப் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அயலிலிருந்து வந்த ஓர் ஏற்பாட்டை ஊர்ப் பொது இடத்தின் பெயரால் தமதாக்கிக்கொண்ட அழகு இது.

புயலை எழுதும் முறை

புயலைப் பலர் கூடி எழுதுவதும் நம் நாட்டுக்குப் பழைய செய்திதான். 'சைக்ளோன்' என்ற சொல்லை உலகுக்கு வழங்கியவர் கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதனை ஆக்கி, 1848-இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துரைத்தார். அவர் வங்கக் கடலில் ஓடிய கப்பல்களின் தலைவர்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளைத் திரட்டினார். இந்தக் கப்பலில் காற்று எத்திசை, அந்தக் கப்பலில் எத்திசை என்று ஒப்பிட்டார். புயல் சுழல்கிறது என்பதை எந்த ஒரு மாலுமியின் கண்ணும் தனித்துக் காண இயலாது. பலருடைய குறிப்புகளை ஒன்றாக வைத்தால்தான் அச்சுழற்சி புலப்படும்.

விக்கிப்பீடியாவின் புயல் கட்டுரையும் இதே அடிப்படையில் எழுவது. அமெரிக்காவைக் கத்ரீனா தாக்கிய 2005-ஆம் ஆண்டில், ஆங்கில விக்கிப்பீடியாவில் புயல்களுக்கென்றே ஒரு தன்னார்வலர் குழு உருவாயிற்று. புயல் பிறந்த வரலாறு, முன்னேற்பாடு, பாதிப்பு, பின்விளைவு என்று கட்டுரைக்கு ஒரு நிலையான அமைப்பு ஏற்பட்டது. ஓரத்திலே ஒரு சட்டகம். அதில் நாள், காற்றின் வேகம், காற்றழுத்தம், உயிரிழப்பு, பொருளிழப்பு. எழுதப்படும் ஒவ்வொரு செய்திக்கும் வெளியிடப்பட்ட சான்று வேண்டும் என்பது விதி; சொந்த அனுபவமோ சொந்த ஊகமோ செல்லாது. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தலாம். திருத்தங்கள் அனைத்தும் 'வரலாறு' என்னும் பக்கத்தில் அழியாமல் இருக்கும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயலை எடுத்துக்கொள்வோம். இலங்கை வழங்கிய அப்பெயருக்கு யானை என்பது பொருள். அன்று காலை வெளிவந்த உயிரிழப்புக் கணக்கு, அடுத்தடுத்த நாட்களில் பன்மடங்காக உயர்ந்தது. செய்தித்தாள் என்றால் நேற்றைய கணக்கை விட்டுவிட்டு இன்றைய கணக்கை அச்சிடும். களஞ்சியமோ கணக்கு மாறியதற்குச் சான்று கேட்கும். மாறிய வரலாற்றையும் காத்து வைக்கும். பிழையை மறைக்காமல் அடுக்கி வைத்திருக்கும் இந்த நேர்மை, தனித்தனி வாக்கியங்களின் அழகைவிட மதிப்புடையது என்பது நம் கருத்து. சொல்லலங்காரத்தில் மயங்கும் இயல்புடைய நமக்கு, 'இதை யார் சொன்னது?' என்று வரிக்கு வரி கேட்கும் ஓர் உரைநடை நல்ல மருந்து.

சொல்லும் குறையும்

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற்குறை மொழியைப் பற்றியது. ஆங்கிலப் பக்கத்தை வைத்துக்கொண்டு தமிழாக்குவோர் சிலர், புயல் நிலத்தைத் தொடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எந்திர மொழிபெயர்ப்பிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். எந்திரமோ அதனை 'நிலச்சரிவு' ஆக்கிவிடுகிறது. மலையே இல்லாத நாகைக் கரையில் நிலச்சரிவு ஏற்பட்டதாக வாசகர் படிக்க நேரும். 'கரையைக் கடந்தது' என்று வானொலி கேட்ட ஒவ்வொரு உழவனும் மீனவனும் அறிந்த தொடர் நம்மிடம் இருக்கிறதே! சில ஆண்டுகள் கூகுள் நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஊதியத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட கட்டுரைகள் தமிழ் விக்கிப்பீடியாவில் வந்து குவிந்தபோது, அவற்றின் தரத்தைத் தமிழ்த் தன்னார்வலர்கள் ஆராய்ந்து, 2010-இல் விக்கிப்பீடியரின் உலக மாநாட்டிலேயே தம் கருத்தை எடுத்துரைத்தனர். ஊதியம் பெறாதவர்கள் ஊதியம் பெற்ற வேலையின் தரத்தைக் கேட்ட அந்நிகழ்ச்சி எண்ணத்தக்கது.

தமிழக வழக்கில் 'புயல்' என்பதை ஈழ வழக்கு 'சூறாவளி' என்கிறது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததை அங்குள்ளோர் இன்றும் சூறாவளி என்றே நினைவுகூர்கின்றனர். கிரந்த எழுத்துகளை ஏற்பதா தவிர்ப்பதா என்பதும் இக்களஞ்சியத்தில் நெடுநாள் விவாதம். இவை குறைகள் அல்ல. பல நாட்டுத் தமிழர் ஒரே ஏட்டில் எழுத அமர்ந்தால் எழுந்தே தீரும் உரையாடல்கள். கடலோர மக்களின் கொண்டல், வாடை, கச்சான், சோழகம் என்ற காற்றுப் பெயர்கள் இவ்வுரையாடலில் இன்னும் உரிய இடம் பெற வேண்டும் என்பதே நம் விருப்பம்.

இரண்டாவது குறை ஆழமானது. கஜா புயலில் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தோப்புகள் தோப்புகளாக வீழ்ந்தன. கட்டுரையில் இது ஓர் எண்; அந்த எண் தேவையானதே. ஆனால் நம் உழவர் தென்னங்கன்றைத் 'தென்னம்பிள்ளை' என்பர். பெற்ற பிள்ளை கைவிட்டாலும் வைத்த பிள்ளை கைவிடாது என்று நம்பி, ஐந்தாறு ஆண்டுகளேனும் நீரூற்றிக் காத்திருந்தே அதன் முதற்காயைக் காண்பர். மகளின் திருமணமும் மகனின் படிப்பும் அந்தக் குலைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. 'பிள்ளை' என்ற அச்சொல் இழப்பின் அளவை வேறு விதமாகச் சொல்கிறது. களஞ்சியத்தின் சட்டகத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

களஞ்சியம் அழ வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நடுநிலை அதன் அறம். அழத் தொடங்கினால் அது நம்பகத்தை இழக்கும். நம் வினா வேறு. இந்த இழப்பைப் பற்றி ஊராரே எழுதி அச்சிட்ட பக்கங்கள் எத்தனை? சான்று கேட்கும் தன்னார்வலர் கையில் நாம் எதைக் கொடுத்திருக்கிறோம்?

மறைந்துவரும் சாட்சிகள்

தஞ்சை மறைமாவட்டம் உருவான 1952 நவம்பர் மாதத்தின் இறுதியில்தான், நாகப்பட்டினத்தை ஒட்டிக் கரையைக் கடந்த பெரும் புயல் இப்பகுதியைச் சூறையாடியது. அதைக் கண்டு நினைவில் வைத்திருப்போர் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகைக்குச் சற்றுத் தெற்கே மற்றொரு புயல் கரையேறியது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டையில் மணிக்கு 120 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று பதிவாயிற்று. 560 பேர் மாண்டனர், பத்து இலட்சம் பேர் வீடிழந்தனர், 23,000 கால்நடைகள் மடிந்தன என்பது வானிலைத் துறையின் பதிவு. ஒரே வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று, ஆந்திரத்தின் திவி சீமையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். அந்தப் பெருந்துயரின் நிழலில் நம் துயரம் மங்கிவிட்டது. ஆங்கிலக் களஞ்சியத்தில் நிலத்தையே தொடாமல் அட்லாண்டிக் கடலில் கரைந்துபோன புயல்களுக்கும் நெடிய கட்டுரைகள் உண்டு. ஏனெனில் அவற்றைப் பற்றிய அறிக்கைகள் நாள்வாரியாக அச்சில் இருக்கின்றன. ஓர் உயிரும் போகாத புயலுக்குப் பல பக்கங்கள் வாய்க்க, 560 உயிர் போன புயலுக்குச் சில வரிகள்தாம் என்ற நிலை எவருடைய வஞ்சகத்தாலும் வந்ததன்று. எழுதி வைத்தவர்களுக்கு வரலாறு இருக்கிறது என்பதே இதன் சாரம்.

இவ்விடர்ப்பாட்டைக் களஞ்சியத்தாரும் உணராமல் இல்லை. 2011-இல் அச்சல் பிரபாலா என்பவரின் முயற்சியில், மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் சேப்பேடி ஆகிய மொழிகளில், அச்சேறாத வாய்மொழி அறிவைச் சான்றாக ஏற்க இயலுமா என்று ஒரு சோதனை நடந்தது. மக்களே அறிவு என்னும் பொருள்படும் பெயரில் ஒரு குறும்படமும் வெளிவந்தது. ஆயினும் அது பொது விதியாக நிலைபெறவில்லை. வெளியிடப்பட்ட சான்று வேண்டும் என்ற விதியே தொடர்கிறது.

இங்கே திருச்சபையின் பழைய அனுபவமொன்று நமக்கு உதவக்கூடும். இரண்டாம் நூற்றாண்டில் தத்தியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் இணைத்து ஒரே தொடர் வரலாறாக ஆக்கினார். சிரிய மொழித் திருச்சபையில் அது நெடுங்காலம் வழங்கவும் செய்தது. ஆனால் இறுதியில் நான்கு குரல்களும் நான்காகவே இருக்கட்டும் என்பதே திருச்சபையின் முடிவாக நிலைத்தது. களஞ்சியக் கட்டுரை தத்தியானின் வழியில் செல்வது. பல குரல்களை ஒரே குரலாக்குவது. அதற்குப் பயன் உண்டு, அது வேண்டியதே. ஆனால் ஒன்றாக்கிச் சொல்வதற்கு முன்னே தனித்தனிக் குரல்கள் எழுத்தில் இருந்தாக வேண்டும். நான்கு இல்லாமல் ஒன்றாக்குவது எப்படி?

நம் கையிலுள்ளது

நம் பங்குகளில் வெள்ளி விழா மலர்களும் நூற்றாண்டு மலர்களும் வெளிவருகின்றன. அவற்றைப் புரட்டினால் வாழ்த்துச் செய்திகளும் விளம்பரங்களுமே பெரும்பகுதியை நிரப்பியிருக்கும். கூரை பறந்த இரவில் ஊரார் எங்கே ஒதுங்கினர், எத்தனை நாள் பொதுவில் உலை வைத்தனர், எந்த வாய்க்கால் உடைந்தது, எந்த வயலில் எத்தனை நாள் உப்புநீர் நின்றது என்ற செய்திகளுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினால் என்ன? அடக்கப் பதிவேடுகளில் ஒரே நாளிட்ட பெயர்கள் வரிசையாக நிற்கும் பக்கம் ஏதேனும் இருக்குமாயின், உரியவர் ஒப்புதலோடு அவ்வெண்ணிக்கையை மலரில் குறித்து வைக்கலாமே. நாளையும் ஊரையும் சொன்னவரின் வயதையும் குறித்து அச்சிட்டு, ஒரு படியை நூலகத்தில் சேர்த்துவிட்டால், அது பிற்காலத்தவர் எடுத்து ஆராயத்தக்க ஆவணமாகிவிடும். களஞ்சியத்தார் அதை எடை போட்டு ஏற்பர் அல்லது தள்ளுவர். எடை போடுவதற்கேனும் ஒரு பொருள் அவர்கள் முன் இருக்கும்.

2020-இல் வெளியான புயற்பெயர்ப் பட்டியலில் இந்தியா வழங்கிய பெயர்களுள் 'முரசு' என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. அப்பெயர் தாங்கிய புயல் எங்குச் சென்று எதைச் செய்யுமோ, அறியோம். எங்கு அது கரையேறினாலும், அன்றிரவே எங்கோ ஒரு தன்னார்வலர் அதற்கெனப் புதிய பக்கம் தொடங்கி, சான்று தேடி அமர்ந்திருப்பார் என்பது மட்டும் உறுதி. அவருக்குக் கொடுப்பதற்கு வடிநிலத்து ஊர்களிடம் எழுத்தில் ஏதேனும் இருக்க வேண்டும். 1977-ஐக் கண்ட பெரியவர்கள் இன்னும் நம் திண்ணைகளில் இருக்கின்றனர். கேட்டு எழுதுவதற்கு ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.