தியானமும் நனவிலியும்: மு. தளையசிங்கத்தின் சிந்தனை பற்றிய ஒரு நோக்கு

தியானம் மனிதனின் நனவு மனத்துக்கும் நனவிலி மனத்துக்கும் இடையிலான உறவை எவ்வாறு மாற்றுகின்றது என்னும் வினா உளவியலாளருக்கும் சமயிகளுக்கும் மட்டும் உரியதன்று. ஈழத்துத் தமிழ் இலக்கியச் சிந்தனையில் இதனையொத்த வினாவை இலக்கியக் கொள்கையின் மையத்துக்கே கொண்டுவந்தவர் புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935-1973) ஆவார். முற்போக்கு அணியினரோடு அவர் நடத்திய விவாதம் காரணமாக, எம்மவர் பலர் அவரை 'ஆன்மிகவாதி' என்ற ஒரு சொல்லில் அடக்கி அப்பாற் சென்றுவிட்டனர். அது விமர்சனமாகாது.

அவரது நிலைப்பாட்டை முதலில் சுருக்கமாக நோக்குவோம். சடம், உயிர், மனம் எனப் படிப்படியாக வளர்ந்துவந்த பரிணாமம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை; அதனைக் கடந்த பேர்மன நிலையை நோக்கியே மனிதகுலம் செல்கின்றது என்பது அவரது அடிப்படை நம்பிக்கை. சமூக மாற்றமும் அகமாற்றமும் ஒருங்கே நிகழவேண்டும் என அவர் வற்புறுத்தினார். மார்க்சியத்தை முற்றாக நிராகரியாது, கடக்கப்படவேண்டிய ஒரு கட்டமாகக் கருதினார். 'போர்ப்பறை' (1970), மறைவின் பின் வெளிவந்த 'மெய்யுள்' (1974) ஆகிய நூல்களில் இச்சிந்தனையைக் காணலாம். கற்பனைக் கதையின் மயக்கத்தை விலக்கி, வாழ்வின் மெய்ம்மையை நேராகத் தரும் புதிய உருவமொன்றை மெய்யுள் என்ற பெயரில் அவர் நாடியமையும் இந்நம்பிக்கையின் விளைவே.

ஈண்டு இரு விடயங்களைப் பிரித்தறிதல் அவசியமாகும். தியானம் என்னும் பயிற்சி வேறு; அதற்கு அளிக்கப்படும் தத்துவ விளக்கம் வேறு. மூச்சிலே கவனத்தை நிறுத்தி அமர்பவன், தான் அழையாத எண்ணங்கள் எழுவதைக் காண்கிறான். அன்றாட வாழ்வில் அவை எழுந்த கணமே சொல்லாகவோ செயலாகவோ மாறிவிடுகின்றன. பயிற்சியிலோ அவ்வாறு மாறுமுன் கவனிக்கப்படுகின்றன. மனத்தின் அடியில் உறைந்து கிடக்கும் இத்தகைய சார்புகளைப் பௌத்த உளவியல் அனுசயம் எனக் குறிப்பிடும். இவ்வனுபவத்தை மறுக்கவேண்டிய தேவை பொருள்முதல்வாதிகளுக்கு இல்லை.

ஆனால், அவ்வாறு மேலெழுவது யாது? 1927 இல் பிராய்டியத்தை விமர்சித்து எழுதிய சோவியத் அறிஞர் வொலோஷினொவ், நனவிலி எனப்படுவதும் சமூக உறவுகளிலே உருவாகும் அகமொழியே என வாதிட்டார். இதனை எமது சூழலிற் பொருத்திப் பார்த்தல் பயனுடையது. யாழ்ப்பாணத்திலே தாழ்த்தப்பட்டவர் ஒருவரின் குவிந்த கைகளில் தண்ணீர் வார்க்கையில், வார்ப்பவரின் கை தானாகவே செம்பை உயர்த்திப் பிடித்தது. அக்கணத்தில் அவர் சாதி பற்றிச் சிந்திக்கவில்லை. சாதி அங்கே கருத்தாக அன்றி உடலின் பழக்கமாக இயங்கியது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்குப் போராடவேண்டியிருந்தது. உடைமையும் அதிகாரமும் இதற்கு முதற் காரணங்கள். எனினும் அவ்வதிகாரம் மனத்தின் அடியாழத்தில் வேரூன்றியிருந்தமையும் மனங்கொளத்தக்கது.

ஆகவே, தியானத்தில் ஒருவன் தன்னுள்ளே காண்பது தன் சமூகத்தின் வரலாற்றையே எனலாம். அதற்கும் அப்பால் வரலாறு கடந்த பேர்மனம் ஒன்றைக் காணும்பொழுதே தளையசிங்கம் கருத்துமுதல்வாதத்துள் வீழ்கின்றார். தியான மரபு நெடுங்காலம் நிலவிய சமூகத்திலேதான் கோயில்களும் கிணறுகளும் ஒரு பகுதி மக்களுக்கு மூடிக்கிடந்தன. தன் எண்ணத்தைக் கவனிக்கக் கற்றவன், அவ்வெண்ணத்தைத் தோற்றுவித்த உறவுகளை அதனாலேயே மாற்றியவனாகிவிடுவதில்லை.

இவ்வுண்மையை அவரது நூல்களிலும் பார்க்க வாழ்க்கை தெளிவாக உணர்த்துகின்றது. 1971 இல் புங்குடுதீவிலே தாழ்த்தப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தில் அவர் முன்னின்றார். கைதாகித் தாக்குதலுக்கும் உள்ளானார். தியானமே அவரைக் கிணற்றடிக்கு இட்டுச்சென்றது என அவரது அன்பர் கூறலாம். அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தனியொருவரின் அகத்தில் தீர்க்கமுடியாத பிரச்சினை அது என்பதனாலேயே அவர் மக்களோடு அங்கு நிற்க நேர்ந்தது.

அதேவேளை, அவர் எழுப்பிய வினா எம்மையும் விட்டுவைக்கவில்லை. கூட்டங்களிற் சமத்துவம் பேசிவிட்டு, வீட்டு முற்றத்தில் அதே செம்பை உயர்த்திப் பிடித்தவர்கள் எம் அணியில் இருக்கவில்லையா? சமூக அமைப்பு மாறினால் மனமும் தானே மாறும் என நாம் எளிதாக நம்பியிருந்தோம். பேர்மனம் என்ற விடையை ஏற்காதபோதும், தன் பழக்கங்களைத் தானே உற்றுநோக்கும் பயிற்சி போராடும் மனிதனுக்கும் தேவை என்பதைத் தளையசிங்கத்திடமிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டியுள்ளது. அதனை ஒப்புக்கொள்வது மார்க்சியத்துக்கு இழுக்காகாது.