வெள்ளைக் குதிரைக்காரன்

குற்றத்தொடர் ஒன்று பல வருடம் மனசில் நிற்க வேண்டுமென்றால், ரத்தத்தைக் காட்டுவதைவிட நாம் பழகிய நம்பிக்கையில் கைவைப்பதே வழி. 1990களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் வந்த 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு'வையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கம் நாகா. கொல்வது மனிதனா, காவல் தெய்வமா? வெள்ளைக் குதிரையில் வரும் கருப்பு, ஊர் எல்லையில் நாம் கும்பிட்டுக் கடக்கும் அதே உருவம். காப்பவனே தண்டிக்கவும் வந்தால் கதவைச் சாத்தி என்ன பயன்? போதாக்குறைக்கு, இருவேறு காலங்களைப் பின்னி, பார்ப்பவரின் கணக்கையும் குலைத்தார்கள்.

வாரக்கணக்கில் காக்கவைத்ததால்தான் அந்தப் பயம் வளர்ந்தது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் எட்டுப் பகுதிகளும் ஒன்றாகக் கிடைத்த 'சுழல்' (2022) இணையத்தொடர், மயானக் கொள்ளைத் திருவிழாவின் வேஷங்களுக்கு நடுவே காணாமல்போன பெண்ணைத் தேடவைத்தபோது, காத்திருக்காமலே அதே கலக்கம் வந்தது.